‘வாங்க’ன்னு கேக்கறதும் ‘கம்’னு சொல்றதும்: மொழி சொல்லிக்குடுக்கும்போது பண்பாடு எங்க வருது?

எங்க பக்கம், அதாவது காரைக்குடி தேவகோட்டை பக்கம், வீட்டுக்கு ஒருத்தர் வந்தா மொதல்ல ‘வாங்க’ன்னு கேக்கணும். வீட்டுல இருக்குற அத்தன பேரும் கேக்கணும், பத்து பேர் வந்தா பத்து பேர் மொகத்தையும் பாத்து தனித்தனியா கேக்கணும், அதுல ஒருத்தர விட்டுட்டா அவ்வளவுதான், ‘அந்த வீட்டு விசேசத்துக்குப் போனேன், வாங்கன்னு ஒரு வார்த்த கேக்கல’ன்னு அது வருசக்கணக்குல பேச்சா ஓடும். இத்தனைக்கும் அப்படிக் கேக்கும்போது வந்தவரு உள்ள வந்து உக்காந்தே இருப்பாரு. வந்து உக்காந்த ஆள எதுக்குக் கூப்பிடணும்? அங்க யாரும் யாரையும் கூப்பிடல. நீங்க வந்தத நான் பாத்துட்டேன், எனக்கு அதுல சந்தோசம், கூச்சப்படாம இருங்க, இவ்வளவும் அந்த ஒரு சொல்லுக்குள்ள அடங்கியிருக்கு. அதனாலதான் நாமளும் ‘வாங்கன்னு சொன்னாக’ன்னு பேசுறதில்ல, ‘வாங்கன்னு கேட்டாக’ன்னுதான் பேசுவோம்.

இதையே தமிழ் கத்துக்குற வெளிநாட்டுக்காரர் ஒருத்தருக்கு டிக்ஷனரிய வச்சு சொல்லிக்குடுத்தா எப்படி இருக்கும்? ‘வா’ன்னா ‘கம்’, ‘வாங்க’ன்னா மரியாதையான ‘கம்’, பாடம் முடிஞ்சுது. அவருக்கு அர்த்தம் தெரிஞ்சுரும், ஏவல் வினைன்னு இலக்கணமும் தெரிஞ்சுரும், ஆனா ஒரு கல்யாண வீட்டு வாசல்ல நாலு பேர் மாத்தி மாத்தி வாங்க வாங்கங்கும்போது, அதான் வந்துட்டேனே இன்னும் எங்க வர்றதுன்னு முழிச்சுக்கிட்டு நிப்பாரு. மொழி தெரிஞ்சும் இப்படி முழிக்கிற எடம் ஒண்ணு இருக்குல்ல, மொழிப்பாடத்துல பண்பாட்டு வேறுபாடுன்னு சொல்றது இந்த எடத்தத்தான்.

நான் சாயங்காலம் காரைக்குடில ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் எடுக்குறேன், ராத்திரி எட்டு மணிக்கு மேல வீடியோ கால்ல தமிழ் சொல்லிக்குடுக்குறேன், அதுல சிங்கப்பூர்ல அமெரிக்கால வளர்ற நம்ம வீட்டுப் பேரப்பிள்ளைகளும் இருக்கு, ஆராய்ச்சிக்குன்னு தமிழ் படிக்கிற வெளிநாட்டுக்காரங்களும் இருக்காங்க. ரெண்டு பக்கமும் நின்னு பாக்குறதால ஒண்ணு எனக்கு நல்லாத் தெரியும். சொல்லு, இலக்கணம், உச்சரிப்பு, இந்த மூணும் சரியா வந்த பெறகும் பேச்சு தப்பாப் போக முடியும். யாரு, யார்கிட்ட, எந்த எடத்துல, எப்ப, எத சொல்லாம விடணும்ங்குறது நாலாவதா ஒண்ணு இருக்கு, அத யாரும் பாடமா வைக்கிறதில்ல, தானா வந்துரும்னு விட்டுர்றோம், பெரும்பாலும் அது தானா வர்றதில்ல.

இது ஏதோ வெளிநாட்டுல இருந்து புதுசா வந்த சமாச்சாரம்னு நெனச்சுராதீங்க. பள்ளிக்கூடத்துல தமிழ் இலக்கணம் படிச்ச எல்லாரும் தகுதி வழக்குன்னு ஒண்ணு மனப்பாடம் பண்ணிருப்போம், இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறின்னு மூணு. பவணந்தி முனிவரோட நன்னூல்ல வர்றது, எறநூறு வருசம் முந்நூறு வருசம் இல்ல, 13ஆம் நூற்றாண்டுப் புத்தகம். பத்துப் பேருக்கு நடுவுல சொல்லக் கூச்சமான விசயத்த ‘கால் கழுவிட்டு வரேன்’னு மறைச்சு சொல்றது இடக்கரடக்கல். செத்துட்டாருன்னு சொல்லாம இறைவனடி சேர்ந்தாருன்னு சொல்றது மங்கலம். பொற்கொல்லர் தங்களுக்குள்ள தங்கத்த ‘பறி’ன்னு சொல்லிக்கிறது குழூஉக்குறி. நல்லாப் பாத்தீங்கன்னா இது மூணுலயும் சொல்லோட நேர் அர்த்தம் முக்கியமே இல்ல, பக்கத்துல யார் இருக்கா, கேக்குறவங்க மனசுக்கு என்ன ஆகும், நாம யாரோட ஆளு, இதான் முக்கியம். தொல்காப்பியத்துல இன்னும் தெளிவா இருக்கு, ஒரே ஒருத்தர மரியாதைக்காகப் பன்மையில சொல்றோம்ல, ‘அவர் வந்தார்’ மாதிரி, அது ஜனங்க வழக்குல இருக்கு, ஆனா இலக்கணத்து வழி வந்தது இல்லன்னு கிளவியாக்கத்துல சொல்லியிருக்கு. இலக்கணம் வேற வழக்கு வேற, ரெண்டும் தெரிஞ்சாத்தான் மொழி தெரியும்னு நம்ம ஆளுங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. நாமதான் அத ரெண்டு மார்க் கேள்வியா ஆக்கிட்டோம், எனக்கு அதுல நெஜமாவே வருத்தம் உண்டு.

மேல்நாட்டுல இந்தப் பேச்சு சூடு பிடிச்சது 1960கள்ல. நோம் சாம்ஸ்கிங்குற மொழியியலாளர் மொழித்திறன்னா மனசுக்குள்ள இருக்குற இலக்கண அறிவுங்குற மாதிரி பேசிட்டு இருந்த காலத்துல, டெல் ஹைம்ஸ்னு ஒரு அமெரிக்க மானுடவியலாளர், வாக்கியம் சரியா இருந்தா பத்தாது, எடத்துக்கு ஏத்த மாதிரி பேசத் தெரியணும், அதுக்கும் விதிகள் இருக்கு, அந்த விதி தெரியலன்னா இலக்கண விதியால ஒரு பிரயோசனமும் இல்லன்னு சொன்னாரு. அதுக்கு அவர் வச்ச பேரு கம்யூனிக்கேட்டிவ் காம்பிடன்ஸ். இன்னிக்கு ஸ்போக்கன் கிளாஸ்ங்குற பேர்ல ஊர் ஊருக்கு நடக்குறதுக்கெல்லாம் அடிப்படை அந்த யோசனைதான், ஆனா எடத்துக்கு ஏத்த மாதிரிங்குற பாதி மட்டும் பல கிளாஸ்ல காணாமப் போயிருச்சு.

ஒரு உதாரணத்தக் கொஞ்சம் நிதானமாப் பாப்போம், ஏன்னா இதுல தெளிவு வந்துட்டா மிச்சமெல்லாம் சுலபம். என் கிளாஸுக்கு வர்ற பிள்ளைக நல்ல பிள்ளைக, பெரியவங்க முன்னாடி சத்தமாக்கூட பேசாதுக. அந்தப் பிள்ளைய ஒரு ஓட்டல்ல இங்கிலீஷ்ல தண்ணி கேக்கச் சொன்னா ‘கிவ் மீ வாட்டர்’ங்கும். கேக்குற வெள்ளைக்காரருக்கு அது அதட்டல். ஏன் அப்படி ஆகுதுன்னு பாத்தா, அந்தப் பிள்ள மனசுல இருந்தது ‘தண்ணி குடுங்க’. நம்ம மரியாத பூராம் அந்த ‘ங்க’ல இருக்கு. இன்னும் கொஞ்சம் தணிஞ்சு கேக்கணும்னா ‘கொஞ்சம் குடுங்களேன்’னு ஒரு ‘ஏன்’ சேத்துக்குவோம், ‘தண்ணி கெடைக்குமா’ன்னு கேள்வியா மாத்திக்குவோம். இங்கிலீஷ்ல வினைச்சொல்லுக்குப் பின்னாடி ஒட்டுறதுக்கு அப்படி ஒரு ‘ங்க’ இல்ல. அதனால அவங்க அந்த மரியாதையத் தனித்தனி சொல்லா முன்னாடி கொண்டாந்து வைக்கணும், ‘குட் ஐ’, ‘வுட் யூ’, ‘ப்ளீஸ்’, ‘டு யூ மைண்ட்’னு நீட்டி முழக்கணும். நம்ம பிள்ள சொல்லுக்குச் சொல் மாத்தும்போது தண்ணியும் குடுக்கறதும் அக்கரைக்குப் போயிருச்சு, ‘ங்க’ மட்டும் இந்தக் கரையிலயே நின்னு போச்சு. இதத் தெரிஞ்சுக்கிட்டா ‘ப்ளீஸ் போடு ப்ளீஸ் போடு’ன்னு திட்டிக்கிட்டு இருக்க வேண்டியதில்ல, ‘உன் ங்க எங்க?’ன்னு கேட்டாப் போதும், என் கிளாஸ்ல நான் அப்படித்தான் கேக்குறேன், டக்குனு புரிஞ்சுக்குதுக.

ஜென்னி தாமஸ்னு ஒரு மொழியியலாளர் 1983ல இந்த மாதிரித் தப்புகள ரெண்டாப் பிரிச்சாங்க. மொத வகை இப்ப சொன்னது, மனசுல இருக்குற நோக்கம் சரி, அத அந்த மொழில எந்த ரூபத்துல சொல்லணும்னு தெரியல. ரெண்டாவது வகை, எத சொல்லலாம் எத சொல்லக்கூடாதுங்குற சமூகக் கணக்கே வேற வேறயா இருக்குறது. மதுரை போற பஸ்ல பக்கத்துல உக்காந்தவர்கிட்ட எந்த ஊரு, என்ன பண்றீங்க, கல்யாணம் ஆயிருச்சா, எத்தன பிள்ளைகன்னு கேக்காம வந்தா ‘என்ன மனுசன், வாயே தெறக்கல’ன்னு தோணும். இங்கிலாந்துல ரயில்ல அதே கேள்விகள நல்ல இங்கிலீஷ்ல, ப்ளீஸோட, கேட்டாலும் எதிர்ல இருக்குறவருக்குச் சங்கடந்தான். மொத வகைத் தப்ப ஒரு வாக்கியம் மாத்திக் குடுத்துத் திருத்திரலாம். ரெண்டாவது வகைல மாணவரோட வளர்ப்பே உள்ள இருக்கு, அங்க வாத்தியார் ‘இது தப்பு’ன்னு சொன்னா ‘நீ வளந்த விதம் தப்பு’ன்னு சொன்ன மாதிரி ஆயிரும். அங்க ‘அவுக இப்படி எடுத்துக்குவாக, நீ எப்படிப் பேசப் போறங்குறத நீ முடிவு பண்ணு’ன்னுதான் சொல்லணும்னு நான் நெனைக்கிறேன்.

மரியாதையப் பத்தின ஆராய்ச்சில உலகம் பூராம் பேர்போனவங்க பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும். மனுசங்க எந்த மொழி பேசினாலும் அடுத்தவங்க மொகம் கோணாமப் பேசுறதுக்கு என்னென்ன வழி வச்சிருக்காங்கன்னு 1978ல எழுதி, அது 1987ல தனிப் புத்தகமா வந்துச்சு. அதுக்கு அவங்க எடுத்துக்கிட்ட முக்கியமான மூணு மொழி இங்கிலீஷ், மெக்சிகோவுல பேசுற செல்டால், அப்புறம் தமிழ். கோயம்புத்தூர் மாவட்டத்துல ஒரு கிராமத்துல சேகரிச்ச தமிழ்ப் பேச்சு அதுல இருக்கு. நம்ம பாட்டிமார் ‘சர்க்கர கொஞ்சம் இருக்குமாத்தா’ன்னு கேக்குற அந்த மாதிரிப் பேச்சு உலகத்துக்கே பாடமாயிருக்குன்னு நம்ம பிள்ளைகளுக்குச் சொல்லணும், தெரிஞ்சா நிமிந்து உக்காருதுக.

இப்ப எதிர்ப்பக்கம் வருவோம். ஒரு பிரெஞ்சுக்காரப் பொண்ணு, பழைய வீடுகளப் பத்திப் படிக்க வந்தவ, காரைக்குடி பக்கத்துல கானாடுகாத்தான்ல தங்கியிருந்தா. தமிழ் அருமையாப் பேசுவா, நான்தான் ஒரு வருசம் வீடியோ கால்ல சொல்லிக்குடுத்தேன். அங்க ஒரு ஆச்சி வீட்டுக்கு நானே கூட்டிட்டுப் போனேன். ஆச்சி கந்தரப்பம் வச்சாக, இவ ‘நன்றி’ன்னா. தண்ணி குடுத்தாக, ‘நன்றி’. வெள்ளப் பணியாரம் ஒண்ணு கூட வச்சாக, ‘மிக்க நன்றி’. ஆச்சி என்னைத் தனியாக் கூப்பிட்டு, ‘நல்லாத்தேன் பேசுது பிள்ள, ஆனா கடைல காசு குடுத்துத் திங்கிற மாதிரில்ல நன்றி நன்றிங்குது’ன்னாக. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு, ஏன்னா அந்த ‘நன்றி’ய மொத வாரமே சொல்லிக்குடுத்தது நான்தான், ‘தேங்க்ஸ்’னா ‘நன்றி’ன்னு. அவளப் பொறுத்தவரை நன்றி சொல்லாம ஒரு வாய் சாப்பிடறது மரியாத கெட்ட காரியம், ஆச்சியப் பொறுத்தவரை வீட்டுப் பிள்ள நன்றி சொல்றது கணக்கத் தீத்துட்டுக் கெளம்புற மாதிரி. ரெண்டு பேருமே மரியாதையாத்தான் நடந்துக்கிறாங்க, அதான் இதுல வேதனை. மறுநாள் அவகிட்ட, நன்றின்னு சொல்லாத, ‘ஆச்சி, இன்னொண்ணு வைங்க’ன்னு கேட்டுப் பாருன்னேன். கேட்டா. ஆச்சி மொகத்த நீங்க பாத்திருக்கணும்.

இதுக்கு நேர் எதிரா, என்கிட்ட இங்கிலீஷ் படிச்சுட்டு வெளிநாட்டுக்கு மேல்படிப்புக்குப் போன ஒரு பையன், தேவகோட்டை பக்கத்துக் கிராமம், போன மொத ராத்திரி ஒரு குடும்பத்துல தங்கியிருக்கான். சாப்பிடறியான்னு கேட்டிருக்காங்க, இவன் நம்ம வழக்கப்படி ‘நோ தேங்க்ஸ்’னுருக்கான். நம்ம ஊர்ல மொத தடவ வேணாம்னு சொல்றது சும்மா ஒரு மொற, ரெண்டாவது மூணாவது தடவ வற்புறுத்துவாங்க, அப்ப ‘சரி, கொஞ்சமா’ன்னு ஆரம்பிப்போம். அங்க ஒரு தடவதான் கேட்டாங்க, வேணாம்னவனக் கட்டாயப்படுத்துறது அவங்களுக்கு நாகரிகமில்ல, தட்ட எடுத்து வச்சுட்டுப் போயிட்டாங்க. பட்டினியாப் படுத்துட்டு எனக்கு மெசேஜ் போட்டிருந்தான், இவங்களுக்கு மனசே இல்லயாக்கான்னு. ‘நோ’ங்குற சொல்ல நான் அவனுக்குச் சொல்லிக்குடுத்திருந்தேன், ‘நோ’வோட கனத்த சொல்லிக்குடுக்கல.

உறவுச் சொல்லுதான் இதுல ஆழமான கெணறு. ‘அங்கிள்’ங்குற ஒரு சொல்லுக்கு நம்மகிட்ட பெரியப்பா, சித்தப்பா, மாமா, எங்க பக்கம் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், வீடுகள்ல அம்மாகூடப் பொறந்தவர அம்மான், இப்படித் தனித்தனியா இருக்கு. தமிழ்ல சொல் நெறைய இருக்கு, தமிழ் வளமான மொழின்னு சொல்லி முடிச்சுருவாங்க பலரும். விசயம் வேற. சித்தப்பா பிள்ள கூடப்பொறந்த மாதிரி, அம்மான் பிள்ள கல்யாணம் கட்டிக்கிற மொற. ஒரே சொல்லுல ரெண்டு பேரையும் கூப்பிட்டா குடும்பத்தோட கணக்கே தப்பிப்போகும், அதனால சொல்லு பிரிஞ்சே ஆகணும். இங்கிலீஷ்காரங்களுக்கு அந்தக் கணக்கு வேண்டியதில்ல, ஒரு சொல் போதும். நகரத்தார்ல பங்காளிங்குற சொல்லு இன்னும் அகலம், இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டின்னு ஒம்பது கோயில், ஒரே கோயில்காரங்க பங்காளிக, பொண்ணு எடுக்குறப்ப குடுக்குறப்ப அதத்தான் மொதல்ல பாப்பாக. ‘புள்ளி’ன்னா டிக்ஷனரில ஒரு சொட்டு, கோயில் கணக்குல புருசனும் பொண்டாட்டியுமாச் சேந்த ஒரு குடும்பம், கல்யாணமானாத்தான் புள்ளி. ‘விலாசம்’னா தபால்காரருக்கு அட்ரஸ், செட்டிநாட்டுல அது வீட்டோட இனிஷியல் வரிசை, நாலு எழுத்து அஞ்சு எழுத்துல அப்பாரு தாத்தாவெல்லாம் உள்ள இருப்பாக. அந்த வீட்டுப் பையன் வெளிநாட்டு ஃபாரத்துல ‘லாஸ்ட் நேம்’ங்குற கட்டத்துக்கு முன்னாடி பேனாவ வச்சுக்கிட்டு நிக்கிறான்னா அவனுக்கு இங்கிலீஷ் தெரியலன்னு அர்த்தமில்ல, அந்தக் கட்டம் வேற ஒரு குடும்ப அமைப்புக்காகப் போட்டது.

இங்க ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆகணும். தமிழர் பண்பாடுன்னு ஒரு பெட்டி, ஆங்கிலேயர் பண்பாடுன்னு ஒரு பெட்டின்னு வச்சு மாத்தி மாத்தி அடுக்குனா அதுவும் பொய்தான். நகரத்தார் வீட்டுல அப்பச்சின்னா அப்பா, கொங்கு நாட்டுல அப்பச்சின்னா அம்மாவப் பெத்த தாத்தா. எங்க பக்கம் ஆயான்னா அம்மாவோட அம்மா, சென்னைல ஆயான்னா பள்ளிக்கூடத்துல பிள்ளைகளப் பாத்துக்குறவங்க. எங்க ஊர்ல ஆச்சின்னு கல்யாணமான சின்ன வயசுப் பொண்ணையும் மரியாதையாக் கூப்பிடலாம், திருநெல்வேலில ஆச்சின்னா பாட்டி, அங்க போயி இருபத்தஞ்சு வயசுப் பொண்ண ஆச்சின்னா கோவிச்சுக்கும். இந்த ஊருக்குள்ளயே பாருங்க, செட்டிநாடுன்னா செட்டியார் மட்டும் இல்ல, எத்தனையோ ஜாதி ஜனம் இருக்கு, முஸ்லிம் வீடுகள்ல அப்பாவ ‘அத்தா’ன்னு கூப்பிடுவாங்க, பக்கத்துத் தெருவுல அம்மாவ ‘ஆத்தா’ம்பாக. ஒரு நெடில் மாறுனா அப்பா அம்மாவாகுற ஊர் இது, தமிழ் படிக்கிறவங்களுக்கு உச்சரிப்புப் பாடம் எதுக்குன்னு கேட்டா நான் இதத்தான் சொல்லுவேன். கீர்ட் ஹாஃப்ஸ்டெடேங்குற டச்சு ஆராய்ச்சியாளர் ஐபிஎம் கம்பெனி ஊழியர்கள்கிட்ட எடுத்த சர்வேய வச்சு நாடு நாடா மார்க் போட்டாரு, அதிகார இடைவெளி இவ்வளவு, தனிமனித மனப்பான்மை இவ்வளவுன்னு. கம்பெனிக்காரங்களுக்கு அது உதவலாம், மொழிக் கிளாஸுக்கு அது பெருசா உதவாதுங்குறது என் அபிப்பிராயம். இந்தியாவுக்கு ஒரு நம்பர்னா அது இந்த ஒரு தெருவுக்கே பொருந்தாது.

பேச்சு இல்லாத பண்பாடும் இருக்கு, அதச் சுருக்கமா சொல்லிட்டுப் போறேன். எட்வர்ட் ஹால்னு ஒரு மானுடவியலாளர் 1950கள்ல அமெரிக்க வெளியுறவுத் துறையோட பயிற்சி நிறுவனத்துல வெளிநாடு போற அதிகாரிகளுக்குப் பாடம் எடுத்தாரு, மொழியோட சேத்து, ரெண்டு பேருக்கு நடுவுல எவ்வளவு தூரம் விடுறோம், நேரத்த எப்படிப் பாக்குறோம்ங்குறதெல்லாமே பேச்சு மாதிரிதான்னு காட்டினாரு. இதுக்கு நம்ம செட்டிநாட்டு வீட்ட விட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியல. திண்ணை, முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு ஒரே நேர்கோட்டுல போகும். திண்ணைல யாரும் உக்காரலாம், முகப்புல வந்தவங்கள உக்கார வச்சுப் பேசுவாக, வளவுக்குள்ள வர்றவுக வேண்டியவுக, அடுப்படி வரைக்கும் வந்தா வீட்டு மனுசங்க. ‘உள்ள வாங்க’ன்னா எது வரைக்கும் உள்ளங்குறத யாரும் வாயத் தெறந்து சொல்றதில்ல. அந்த பிரெஞ்சுப் பொண்ணு நேரா வளவு தாண்டிப் போட்டோ எடுத்துக்கிட்டே போனப்ப நான்தான் கையப் புடிச்சு நிறுத்துனேன்.

இந்த ஊரோட பழைய ஆளுங்க இதெல்லாம் எங்க கத்துக்கிட்டாங்கன்னு யோசிச்சா ஆச்சரியமா இருக்கும். பர்மா, மலேயா, இலங்கை, சைகோன்னு ‘கொண்டு விக்க’, அதாவது கடல் தாண்டித் தொழில் பண்ண, போனவங்க பள்ளிக்கூடத்துல பர்மிய மொழியோ மலாயோ படிச்சுட்டுப் போகல. சின்ன வயசுல பெட்டியடிப் பையனா, அதாவது எடுபிடிப் பையனா, போயிக் கிட்டங்கிங்குற கடையில உக்காந்து, கடன் கேட்டு வர்றவன் எப்படி வந்து உக்காருறான், மேலாள் அவன்கிட்ட எப்படிப் பேசுறாரு, எப்ப சிரிக்கிறாரு, எப்ப வாய மூடிக்கிறாருன்னு பாத்துப் பாத்துப் படிச்சது, அதுக்கப்புறம் அடுத்தாள், அதுக்கப்புறம்தான் பொறுப்பு. சொல்லும் சூழலும் ஒண்ணாச் சேந்தே உள்ள போயிருக்கு. இன்னிக்கு நாம சொல்ல மட்டும் பிச்சு எடுத்து முப்பது நாள்ல வித்துக்கிட்டு இருக்கோம்.

சரி, கிளாஸ்ல எப்படிக் கொண்டாறது? நெறைய பாடப்புத்தகத்துல பாடம் முடிஞ்ச பெறகு கடைசில கலர்ல ஒரு கட்டம் இருக்கும், லண்டன் மணிக்கூண்டு படம், கிறிஸ்துமஸ் கேக்கு, இல்லன்னா தமிழ்ப் புத்தகம்னா பொங்கப் பானை, கோலம். அது வேணாம்னு சொல்லல. ஆனா பண்பாடு அந்தக் கட்டத்துக்குள்ளதான் இருக்குன்னு பிள்ளைக நெனச்சுக்கும், அதான் ஆபத்து. கிளேர் கிராம்ஷ்னு பிரான்ஸ்ல பொறந்து அமெரிக்கால ஜெர்மன் சொல்லிக்குடுத்த பேராசிரியை, பண்பாடுங்குறது கேக்குறது பேசுறது படிக்கிறது எழுதுறதோட அஞ்சாவதா ஒட்டுற ஒரு திறமை இல்ல, மொத நாள்ல இருந்தே அதுக்குள்ளதான் இருக்குன்னு 1993ல எழுதினாங்க. மூணாவது எடம்னு அவங்க சொல்றது எனக்கு ரொம்பப் புடிக்கும். வேற மொழி கத்துக்குறவன் வெள்ளைக்காரனா மாற வேண்டியதும் இல்ல, நம்ம திண்ணையிலயே உக்காந்து அவனப் பாத்துக்கிட்டு இருக்கவும் முடியாது, ரெண்டையும் பாக்குற மாதிரி நடுவுல ஒரு எடத்த அவனே அமைச்சுக்கணும். இங்கிலாந்துல மைக்கேல் பைரம் 1997ல இதையே கொஞ்சம் வாத்தியார்களுக்கு ஏத்த மாதிரி பிரிச்சு எழுதினாரு, விசயம் தெரியுறது ஒரு பக்கம், ஆனா நம்ம வழக்கத்தையே கொஞ்சம் தள்ளி நின்னு பாக்குற மனசு மொதல்ல வேணும்னு.

நான் செய்யுறது ரொம்ப எளிமையானது. ஒரு வாக்கியத்த எடுத்துக்குவேன், ‘பேனா வேணும்’னு வைங்க. பக்கத்து பெஞ்சுப் பையன்கிட்ட, பேங்க் மேனேஜர்கிட்ட, அப்பத்தாகிட்ட, மொதல்ல தமிழ்ல மூணு விதமா கேக்கச் சொல்லுவேன். கேக்கும்போதே பிள்ளைகளுக்கு ஆச்சரியம், தமிழ்ல நாம இவ்வளவு மாத்துறோமான்னு. அதுக்கப்புறம்தான் இங்கிலீஷ். போன் எடுத்தா நாம ‘சொல்லுங்க’ம்போம், அத அப்படியே ‘டெல் மீ’ன்னா எதிர்ல இருக்குறவருக்கு வெடுக்குன்னு இருக்கும், அப்ப அங்க என்ன சொல்லலாம்னு அவங்களையே தேட விடுவேன். புரியாத சம்பவம் ஒண்ணக் குடுத்து, பட்டினி கெடந்த பையன் கதை மாதிரி, அந்த வீட்டுக்காரங்க ஏன் அப்படிச் செஞ்சாங்கன்னு மூணு காரணமாவது சொல்லணும், அதுல ஒண்ணுகூட ‘அவங்க கெட்டவங்க’ன்னு இருக்கக்கூடாதும்பேன். 1960கள்ல அமெரிக்கால இல்லினாய் பல்கலைக்கழக உளவியலாளர்கள் கல்ச்சர் அசிமிலேட்டர்னு இதே மாதிரி சம்பவங்கள வச்சுத்தான் பயிற்சி தயார் பண்ணாங்க, அவங்க நாலு விடை குடுத்து எடுக்கச் சொன்னாங்க, நான் விடைய பிள்ளைககிட்டயே விட்டுர்றேன்.

போன மாசம் ஒரு வீட்டுப்பாடம் குடுத்தேன், வீட்டுல பெரியவங்க எந்தச் சொல்ல சொல்லக்கூடாதும்பாங்கன்னு கேட்டு எழுதிட்டு வாங்கன்னு. நோட்டு நோட்டா வந்துச்சு. வெளக்க அணைன்னு சொல்லக்கூடாது, அமத்துன்னு சொல்லணும். வெளிய கெளம்பும்போது போறேன்னு சொல்லக்கூடாது, போயிட்டு வரேன். கெளம்புறவங்கள எங்க போறீகன்னு கேக்கக்கூடாது, தூரமான்னு கேக்கணும். கொழந்த அழகா இருக்குன்னு வாய்விட்டுச் சொல்லக்கூடாது, கண்ணு படும். பாதி போர்ட நான் எழுதி முடிக்கும்போது பின் வரிசைல இருந்த ஒரு பொண்ணு எந்திரிச்சு, ‘அக்கா, அப்ப இங்கிலீஷ்காரங்க எதச் சொல்ல மாட்டாங்க?’ன்னு கேட்டா. மிச்சப் பாதி போர்டு அதுக்குப் போச்சு. ‘டைட்’னு சொல்லாம ‘பாஸ்ட் அவே’ம்பாங்கன்னு ஒருத்தன் சொன்னான், அது மங்கலம்னு அவனே சொன்னான். ‘ரெஸ்ட் ரூம்’ல யாரும் ரெஸ்ட் எடுக்குறதில்லயேன்னு இன்னொருத்தி சொன்னா, அது நம்ம கால் கழுவுற கேஸ்தான், இடக்கரடக்கல்னு நாலு பேர் ஒண்ணாச் சொன்னாங்க. குழூஉக்குறிக்கு என்னன்னு கேட்டேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு, அத வீட்டுல யோசிச்சுட்டு வரேன்னுட்டுப் போயிருக்குதுக.